காத்திருக்கத் தெரிந்த இயந்திரம்

பழனி மலையின் கிழக்கு அடிவாரத்தில், மருதாநதி அணைக்குக் கீழே இருக்கிறது அய்யம்பாளையம். ஊர்ப் பெயரிலேயே ஒரு தென்னை ரகம் உண்டு: அய்யம்பாளையம் நெட்டை. மழை பொய்க்கும் மாதங்களில் இங்குள்ள தோப்புகளைக் காப்பாற்றுவது கிணற்று மோட்டார்தான். மின் அழுத்தம் குறைந்தால் மோட்டார் உறுமும், சுற்றாது. அப்போதும் விடாமல் ஓட்டினால் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகி, அதன் கம்பிச் சுருளான காயில் கருகிவிடும். அதன் பிறகு மோட்டாரைக் கழற்றி, காயில் கட்டக் கொடுத்துவிட்டு, மரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அப்படி ஒரு தோப்புக்காரர் மின்வாரியத்தின் புகார் மையத்துக்குப் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் 2021 ஜூன் மாதம் திறக்கப்பட்ட ‘மின்னகம்’ இரவு பகல் பாராமல் இத்தகைய அழைப்புகளை வாங்குகிறது. “லோ வோல்டேஜுங்க, ஒரு வாரமா மோட்டார் இழுக்கல” என்கிறார் இவர். “சர்வீஸ் நம்பர் சொல்லுங்க ஐயா” என்கிறது மறுமுனை. சொன்னதும் புகாருக்கு ஓர் எண் கிடைக்கிறது. எந்த நிறுவனத்தின் ஹெல்ப்டெஸ்க் மென்பொருளாக இருந்தாலும் அப்படி எண் பெற்ற புகாருக்கு டிக்கெட் என்றுதான் பெயர்.

இனி அந்த டிக்கெட் போக வேண்டிய தூரம் அதிகம். லைன்மேன் வந்து பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரில் சுமை கூடிவிட்டது என்று தெரிந்தால் மதிப்பீடு போட வேண்டும், அதற்கு மேலதிகாரி ஒப்புதல் தர வேண்டும், கிடங்கிலிருந்து பொருள் வர வேண்டும், ஆள் வர வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் யாருக்குச் செய்தி அனுப்புவது, எத்தனை நாள் கழித்து நினைவூட்டுவது, எப்போது மேலே தள்ளிவிடுவது என்றெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் விதிகளின் தொடர்தான் வொர்க்ஃப்ளோ. இந்த முழுப் பயணத்திலும் கணினி உண்மையில் கணக்குப் போடும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு சில நொடிகளைத் தாண்டாது. மற்ற நாட்கள் முழுவதும் அது செய்வது ஒரே வேலை. காத்திருப்பது.

நொடிக்குக் கோடிக்கணக்கான கட்டளைகளை முடிக்கும் ஒரு பொருள் எப்படிப் பத்து நாள் காத்திருக்கும்? கணினித் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்விகளில் இது ஒன்று. காத்திருப்பது என்றால் சும்மா நிற்பது என்று நினைத்துக்கொள்கிறோம். டிக்கெட் ஒன்றுக்கு ஒரு நிரல் என்று நினைவகத்தில் நின்றுகொண்டே இருந்தால், லட்சம் டிக்கெட்டுகளுக்கு எந்த சர்வரும் தாங்காது. ஒருமுறை மின்சாரம் போய்த் திரும்பினால் நின்றவை அத்தனையும் சுவடின்றி அழிந்துவிடும். ஆகவே மென்பொருள் நிற்பதில்லை. பாதி படித்த புத்தகத்தில் அடையாளத் தாளைச் செருகி மூடிவிட்டு வேறு வேலைக்குப் போகிறவரைப் போல, எந்தப் படியில் இருக்கிறோம், எது நடந்தால் மீண்டும் தொடங்க வேண்டும், எந்த நேரத்துக்குமேல் பொறுக்கக் கூடாது என்பதைத் தரவுத்தளத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டு அந்த டிக்கெட்டை முழுவதுமாக மறந்துவிடுகிறது. காத்திருக்கும் டிக்கெட்டுக்காக எந்த நிரலும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. இருப்பது அந்த ஒரு வரி மட்டுமே.

அந்த வரியை எழுப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நிகழ்வு: பதில் வந்தது, ஒப்புதல் கிடைத்தது, நிலை மாறியது. மற்றொன்று நேரம். லட்சம் வரிகள் லட்சம் வெவ்வேறு நேரங்களில் எழ வேண்டுமென்றாலும் லட்சம் அலாரம் தேவையில்லை. விழிக்க வேண்டிய நேரப்படி வரிசையாக அடுக்கிய ஒரே பட்டியல் போதும். குறித்த இடைவெளியில் ஒரு நிரல் எழுந்து பட்டியலின் தலைப்பகுதியை மட்டும் பார்க்கும். முதல் வரிக்கே நேரம் வரவில்லை என்றால் அடுத்ததைத் தொடக்கூடத் தேவையில்லை. உலகம் முழுக்க ஓடும் உதவி மையங்களின் பொறுமைக்குப் பின்னால் இருப்பது இவ்வளவு எளிய யோசனை.

இந்தத் துறைக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. உலகின் பெரிய ஹெல்ப்டெஸ்க் மென்பொருள்களில் சில இங்கே பிறந்தவை. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோ நிறுவனம், ஸோஹோ டெஸ்க், மேனேஜ்எஞ்சின் சர்வீஸ்டெஸ்க் பிளஸ் ஆகியவற்றைச் செய்கிறது; தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது. ஸோஹோவில் வேலை பார்த்த திருச்சிக்காரர் கிரிஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து 2010இல் சென்னையில் ஃபிரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். பிறகு ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்நிறுவனம் 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதன் தொடக்கத்தைப் பற்றி கிரிஷ் பல மேடைகளில் சொன்ன கதை நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வீடு மாறியபோது அவருடைய டிவி உடைந்து வந்தது. சாமான் அனுப்பிய நிறுவனத்தோடு நெடுநாள் போராடியும் இழப்பீடு வரவில்லை. கடைசியில் பொதுவெளியில், இந்தியா திரும்புகிறவர்கள் கூடும் ஓர் இணைய மன்றத்தில் எழுதினார். உடனே மன்னிப்பும் பணமும் வந்தன. அந்தப் புகார் அத்தனை நாள் செத்துப் போயிருக்கவில்லை. எங்கோ ஒரு நிலையில் நின்றுகொண்டிருந்தது. நகர்த்துவதற்கு ஒரு நிகழ்வு தேவைப்பட்டது.

இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. நின்றிருக்கும் டிக்கெட்டை வெளியிலிருந்து பார்த்தால், சரியாகக் காத்திருக்கிறதா, மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்று தெரியாது. இரண்டும் திரையில் ஒரே மாதிரி இருக்கும்: ‘ஹோல்டு’, ‘பென்டிங்’, அதே மஞ்சள் நிறம். அனுபவம் இல்லாதவர்கள் உடனே ‘மீண்டும் இயக்கு’ பொத்தானை அமுக்குவார்கள். பல நேரம் அது நகர்ந்தும்விடும். ஆனால் ஏன் நின்றது என்ற தடயத்தையும் அந்த அமுக்கலே அழித்துவிடும். கைதேர்ந்தவர்கள் பொத்தானைத் தொடுவதற்கு முன் அந்த ஒற்றை வரியைப் படிக்கிறார்கள். இது எதற்காகக் காத்திருக்கிறது? அதைக் கொண்டுவர வேண்டியவர் யார்? அவர் உண்மையிலேயே கொண்டுவரப் போகிறாரா? மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வரும் இடத்தில்தான் பழுது இருக்கிறது.

நேரத்தைப் பற்றிய சந்தேகங்களை முதலில் தீர்த்துவிடலாம், ஏனென்றால் ‘நின்றுவிட்டது’ என்று வரும் முறையீடுகளில் பல பழுதே அல்ல. ஃபிரெஷ்டெஸ்க்கில் நேரம் சார்ந்த விதிகள் மணிக்கு ஒருமுறை ஓடுகின்றன. ‘நான்கு மணி நேரம் கழித்து நினைவூட்டு’ என்று எழுதியவருக்கு அது நாலேமுக்கால் மணி நேரத்தில் நடந்தால் கோளாறு போலத் தெரியும். விதி தன் முறைக்காகக் காத்திருந்தது, அவ்வளவுதான். அடுத்தது அலுவலக நேரம். ‘24 மணி நேரத்துக்குள் தீர்வு’ என்ற வாக்குறுதியைப் பெரும்பாலான மென்பொருள்கள் வேலை நேரத்தில் மட்டும் எண்ணும். அலுவலகம் காலை 9 முதல் மாலை 6 வரை, சனி ஞாயிறு விடுமுறை என்றால், வெள்ளி மாலை 5 மணிக்குப் பதிவான புகாருக்கு அன்று ஒரு மணி நேரம் கழியும், திங்கள் ஒன்பது, செவ்வாய் ஒன்பது. மீதி ஐந்து மணி நேரம் புதன் பிற்பகல் 2 மணிக்குத்தான் முடியும். மென்பொருளின் ‘24 மணி நேரம்’ புகார் கொடுத்தவரின் வீட்டுச் சுவரில் கிட்டத்தட்ட ஐந்து நாள். கணினி பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த மணி நேரம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று நேர மண்டலம். இந்திய நேரம் உலகப் பொது நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறது. சர்வர்கள் பெரும்பாலும் பொது நேரத்தில்தான் ஓடும். நாட்காட்டி அமைப்பில் நேர மண்டலத்தை மாற்ற மறந்துவிட்டால், காலை 9 மணிக்குத் திறக்க வேண்டிய அலுவலகம் மென்பொருளின் கண்ணுக்குப் பிற்பகல் இரண்டரைக்குத் திறந்து இரவு பதினொன்றரைக்கு மூடும். காலையில் வந்த புகார்கள் அனைத்தும் மதியம் வரை உறைந்து கிடக்கும், மதியத்துக்குப் பின் தாமாகவே ஓடத் தொடங்கும். ‘தினமும் காலையில் சிஸ்டம் ஸ்லோ’ என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். ஒரே நேரத்தில் உறைந்து ஒரே நேரத்தில் விடுபடும் எதையும் முதலில் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இனி உண்மையான பழுதுகள். இவற்றில் நான் மிகவும் வியக்கும் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு விதி: ‘டிக்கெட்டில் கடைசி மாற்றம் நடந்து 48 மணி நேரம் ஆகியும் அசைவில்லை என்றால் உதவிச் செயற்பொறியாளருக்கு அனுப்பு.’ நியாயமான விதி. சில மாதங்கள் கழித்து, அக்கறையுள்ள வேறொருவர் இன்னொரு விதி சேர்க்கிறார்: ‘முடியாத டிக்கெட்டுகளில் தினமும் இரவு ஒரு குறிப்பு எழுது: இன்னும் நிலுவையில் உள்ளது.’ அதுவும் நியாயம்தான். ஆனால் குறிப்பு எழுதுவதும் டிக்கெட்டில் ஒரு மாற்றம். ஒவ்வொரு இரவும் கடைசி மாற்றத்தின் நேரம் புதிதாகிவிடும். 48 மணி நேரக் கணக்கு 24ஐத் தாண்டுவதற்குள் மறுபடியும் பூஜ்யத்தில் நிற்கும். மேலதிகாரிக்கு அந்த டிக்கெட் என்றைக்கும் போகாது. தனித்தனியே பார்த்தால் இரண்டு விதிகளிலும் ஒரு பிழையும் இல்லை. நிலுவையை நினைவூட்டுவதற்காக எழுதிய விதியே நிலுவையை நிரந்தரமாக்குகிறது.

இதைக் கண்டுபிடிக்க எந்த விதியையும் உற்றுப் பார்த்துப் பயனில்லை. டிக்கெட்டின் வரலாற்றைத்தான் படிக்க வேண்டும். பெரும்பாலான ஹெல்ப்டெஸ்க் மென்பொருள்களில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு நடவடிக்கைப் பதிவு உண்டு: எந்த நொடியில், எந்த மனிதர் அல்லது எந்த விதி, எதை எதுவாக மாற்றியது என்று. அதைக் கீழிருந்து மேலாகப் படித்தால் தினமும் இரவு ஒரே நேரத்தில் ஒரே கை பட்டிருப்பது கண்ணில் படும். பிறகு மருந்து எளிது. ‘கடைசி மாற்றம்’ என்பதற்குப் பதில் ‘இந்த நிலைக்கு வந்த நேரம்’ என்று எண்ணச் சொன்னால் போதும். குறிப்புகள் எத்தனை விழுந்தாலும் அந்தக் கணக்கு கலையாது.

இன்னொரு பழுது, எதிர்பார்த்த நிகழ்வு வேறு வாசல் வழியாக வந்து சேர்வது. ‘மோட்டாரின் குதிரைத்திறன் என்ன, சர்வீஸ் எண் சரியா என்று தெரிவிக்கவும்’ என்று புகார் கொடுத்தவருக்குச் செய்தி போகிறது. டிக்கெட் அவர் பதிலுக்காக நிறுத்தி வைக்கப்படுகிறது. மின்னஞ்சலில் பதில் வந்தால் பிரச்சினை குறைவு. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் தனி அடையாளம் உண்டு. பதில் அஞ்சல் எந்த அஞ்சலுக்கான பதில் என்பதைத் தன் தலைப்பகுதியில் சுமந்து வரும். 1982இல் வகுத்த மின்னஞ்சல் விதிமுறையிலேயே அதற்கு இடம் இருந்தது. ஆனால் தோப்புக்காரர் மகனுடைய போனிலிருந்து திரும்பக் கூப்பிடுகிறார். எண் வேறு; ஆகவே புதிய டிக்கெட். அவரிடம் கேட்ட எல்லாத் தகவல்களும் அந்தப் புதிய டிக்கெட்டில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். பழையதோ, ‘பயனாளரிடமிருந்து பதில் இல்லை’ என்று கொஞ்ச நாள் காத்திருந்து தானாக மூடிக்கொள்ளும். தன் கடமையை இரண்டு முறை செய்த ஒருவர் பதிலே தராதவராகப் பதிவில் நிற்பார். இதற்கு இயந்திரம் தரும் தீர்வைவிட, போனை எடுப்பவர் “முன்னாடி இதுக்காகக் கூப்பிட்டிருந்தீங்களா?” என்று கேட்டுவிட்டு இரண்டையும் இணைப்பதே நம்பகமானது என்பேன்.

ஒப்புதல் தர வேண்டியவர் மாற்றலாகிப் போவது, வேறொரு மென்பொருளோடு பேசுவதற்கான கடவுச்சாவி காலாவதியாவது, ஒரு நிலையின் பெயரை யாரோ திருத்திவிட விதி பழைய பெயருக்காகக் காத்துக் கிடப்பது, இவையெல்லாம் அடிக்கடி நடப்பவை. பழைய டிக்கெட்டுகளை விதிகள் தொடாமலே விடுவதும் உண்டு: ஃபிரெஷ்டெஸ்க்கின் நேர விதிகள் கடந்த 30 நாட்களுக்குள் ஏதேனும் மாற்றம் நடந்த டிக்கெட்டுகளைத்தான் பார்க்கும். ஒரு மாதம் யாரும் சீண்டாத டிக்கெட் விதிகளின் பார்வையிலிருந்தே விலகிவிடுகிறது. நெடுநாள் கிடந்ததுதான் அவசரமானது என்று நாம் நினைப்போம். இயந்திரத்துக்கு அது நேர்மாறு.

இரண்டு டிக்கெட்டுகள் ஒன்றுக்கொன்று காத்திருப்பது இதைவிடச் சுவையான வகை. மதிப்பீடு டிக்கெட், ‘களஆய்வு முடிந்தால் தொடர்வேன்’ என்கிறது. களஆய்வு டிக்கெட், ‘மதிப்பீட்டு எண் கிடைத்தால் தொடர்வேன்’ என்கிறது. இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன, இரண்டும் ஒருபோதும் நகரா. டச்சுக் கணினியாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களிலேயே இந்த முட்டுக்கட்டையை விவரித்தார். யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று அம்புக்குறிகளாக வரைந்து பார்த்தால், எங்காவது அம்புகள் வட்டமாகச் சுற்றி வந்தால் முட்டுக்கட்டை உறுதி. தரவுத்தளங்கள் இந்த வட்டத்தைத் தாமே கண்டுபிடித்து, சம்பந்தப்பட்டவற்றில் ஒன்றை ரத்து செய்து மற்றதை விடுவித்துவிடும். ஹெல்ப்டெஸ்க் விதிகளிலோ அம்புகள் பாதி மென்பொருளிலும் பாதி மனிதர்களின் வழக்கத்திலும் இருக்கின்றன. ஆகவே ஒரு மனிதர்தான் தாளில் வரைந்து பார்க்க வேண்டும்.

இதற்கு நேரெதிரானது ஓயாமை. விடுமுறையில் இருப்பவரின் தானியங்கிப் பதிலுக்கு ஹெல்ப்டெஸ்க் ‘உங்கள் அஞ்சல் கிடைத்தது’ என்று தானாகப் பதில் போடும்; அதற்கு அங்கிருந்து மீண்டும் விடுமுறைப் பதில் வரும். ஓர் இரவுக்குள் ஆயிரக்கணக்கில் அஞ்சல்கள் பறக்கும். இதைத் தடுக்கத் தானியங்கி அஞ்சல்கள் தம் தலைப்பகுதியில் ‘நான் தானியங்கி’ என்று குறித்துக்கொள்ள வேண்டும் என்ற பரிந்துரை 2004இல் ஆர்எஃப்சி 3834 என்ற ஆவணமாக வெளிவந்தது. மென்பொருள்களும் தம் பங்குக்கு ஒரு தடுப்பு வைத்திருக்கின்றன: ஒரே டிக்கெட்டில் ஒரு விதி அளவுக்குமேல் ஓடினால் அதை நிறுத்திவிடும். சில சமயம் நாம் பழுது என்று தேடி வருவது அந்தத் தடுப்பைத்தான். நின்றது நல்லது, சுற்ற வைத்தது எது என்பதே கேள்வி.

சரி, மேலே சொன்ன எதுவும் இல்லை என்றால்? பதிவைப் படித்தாயிற்று, அம்புகளை வரைந்தாயிற்று, நாட்காட்டி சரி. எதிர்முனையிலிருந்து பதில் மட்டும் வரவில்லை. அது தாமதமா, மரணமா? இந்தக் கேள்விக்குக் கணிதம் தந்திருக்கும் பதில் திகைக்க வைப்பது. 1985இல் மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பேட்டர்சன் மூவரும் ஒரு நிரூபணத்தை வெளியிட்டார்கள். செய்திகள் எவ்வளவு தாமதமாக வரலாம் என்பதற்கு உச்சவரம்பே இல்லாத ஒரு வலைப்பின்னலில், ஒரே ஒரு கணினி செயலிழக்கும் வாய்ப்பு இருந்தாலும், மற்ற கணினிகள் அனைத்தும் ஒரு முடிவுக்கு உடன்படும் என்று தற்செயலைச் சாராத எந்த வழிமுறையாலும் எப்போதும் உத்தரவாதம் தர முடியாது. அதன் வேரில் இருப்பது இதுதான்: மெதுவாக இருக்கும் ஒன்றையும் செத்துப்போன ஒன்றையும், மௌனத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. இன்னும் கெட்டிக்காரத்தனமான நிரல் எழுதினால் முடியும் என்பதல்ல. முடியவே முடியாது.

ஆகவே பொறியாளர்கள் உண்மையைக் கண்டறிவதை விட்டுவிட்டுக் கெடு வைக்கிறார்கள். இத்தனை நேரத்துக்குள் அசைவில்லை என்றால் செத்ததாகவே கொள்வோம் என்று. அந்தக் கெடுவைக் கவனிக்கும் கருவிக்குக் காவல் கடிகாரம் என்று பெயர் வைக்கலாம். அது பூமிக்கு வெளியேயும் வேலை செய்திருக்கிறது. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர், சில நாட்களில் தன்னைத் தானே அணைத்து அணைத்து மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்தது. விண்கலத்தின் உள்ளே தகவல் பரிமாறும் தடத்தை நிர்வகிக்கும் முக்கியமான பணி ஒன்று, ஒரு பூட்டுக்காகக் காத்திருந்தது. அந்தப் பூட்டை வைத்திருந்தது வானிலைத் தகவல் சேகரிக்கும், முக்கியத்துவம் குறைந்த பணி. ஒரு கணத்தில் வேலையை முடித்துப் பூட்டை விட்டிருக்கும். ஆனால் நடுத்தர முக்கியத்துவம் கொண்ட தகவல்தொடர்புப் பணி குறுக்கே புகுந்து நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது. முக்கியமான பணி உரிய நேரத்தில் முடியவில்லை என்று கண்ட காவல் கடிகாரம் எல்லாவற்றையும் அணைத்துத் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் இருந்த பொறியாளர்கள் அதே மாதிரி இன்னொரு கருவியில் அந்தத் தடங்கலைத் திரும்ப வரவழைத்து, காரணத்தைக் கண்டு, பூட்டை வைத்திருக்கும் பணி அதற்காகக் காத்திருப்பவரின் முக்கியத்துவத்தைத் தற்காலிகமாகப் பெறும்படி ஒரு மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். மறுதொடக்கங்கள் நின்றன.

அய்யம்பாளையத்தின் ஒரு புகாருக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. அவசரப் புகார் ஒன்று சாதாரணமான ஒரு ஒப்புதலுக்காகக் காத்திருந்தால், அந்த ஒப்புதலும் அந்த நேரத்துக்கு அவசரமானதுதான். பல வொர்க்ஃப்ளோக்களில் டிக்கெட்டுக்கு ‘உயர் முன்னுரிமை’ என்று சிவப்புக் கொடி இருக்கும். அதற்காகத் திறக்கப்பட்ட துணை வேலைகள் எல்லாம் ‘சாதாரணம்’ என்று கிடக்கும். கொடி கீழே இறங்குவதே இல்லை. இதைச் சரிசெய்யப் பெரும்பாலும் ஒரே ஒரு விதி போதும்.

காரணம் கிடைத்ததும் விடுவிப்பதிலும் நிதானம் வேண்டும். ஒரு டிக்கெட் மாட்டியிருந்தால் அதே வாசலில் இன்னும் பல மாட்டியிருக்கும். முதலில் அவற்றைத் தேடி எண்ண வேண்டும். மாதிரி டிக்கெட் ஒன்றை உருவாக்கி அதே படிகளில் நடத்திப் பார்த்து, ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நொடியில் திறந்துவிட்டால் தேங்கிக் கிடந்த செய்திகள் அனைத்தும் ஒன்றாகக் கிளம்பும். மூன்று வாரத்துக்கு முன்பே சரியாகிவிட்ட மின்தடைக்கு நள்ளிரவில் ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தால், அந்தச் சேவையின் மேல் இருக்கும் கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். சிறுசிறு தொகுதியாக, பழையதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு செய்தியும் இன்றைக்குப் பொருந்துமா என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். ஒரே படி தவறி இரண்டு முறை ஓடினாலும் விளைவு ஒருமுறை மட்டுமே நிகழும்படி எழுதியிருப்பது அவசியம். இல்லையென்றால் ஒரு தோப்புக்கு இரண்டு மதிப்பீடுகள் போய் நிற்கும்.

நிறுத்தி வைப்பதைப் பற்றிப் பேசும்போது தவிர்க்கக் கூடாத ஒன்று இருக்கிறது. ‘ஹோல்டு’ போட்டதும் டிக்கெட்டின் கடிகாரமும் நின்றுவிடும். ஸோஹோ டெஸ்க், ஃபிரெஷ்டெஸ்க், ஜிரா ஆகிய மென்பொருள்களில் எதுவாக இருந்தாலும் இந்த வசதி உண்டு. அதற்கு நியாயமும் உண்டு. புகார் கொடுத்தவர் பதில் தராத நாட்களுக்கு ஊழியரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ‘கிடங்கில் பொருள் இல்லை’ என்பதற்கும் ‘மேலிடத்து ஒப்புதல் வரவில்லை’ என்பதற்கும் அதே கடிகாரத்தை நிறுத்தினால், அறிக்கையில் எல்லாப் புகார்களும் கெடுவுக்குள் தீர்ந்ததாகவே தெரியும். மரம் வாடுவது எந்த நிலையிலும் நிற்பதில்லை. அலுவலகத்துக்கு ஒரு கடிகாரம், புகார் கொடுத்தவருக்கு ஒருபோதும் நிற்காத இன்னொரு கடிகாரம், இரண்டும் ஒரே திரையில் அருகருகே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிறுத்துபவர் காரணத்தையும், எந்தத் தேதிவரை என்பதையும் எழுதாமல் நிறுத்த முடியாதபடி அந்தப் பொத்தானையே அமைக்கலாம். பல மென்பொருள்களில் இந்தக் கட்டாயத்தைப் போடும் வசதி இப்போதே இருக்கிறது, போடுவதுதான் அரிது.

அரசுகள் நாள் கணக்கில் வாக்குறுதி தரும் காலம் இது. ஒன்றிய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில் புகார்களைத் தீர்க்கும் கெடு 2024 ஆகஸ்டில் 21 நாளாகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரித் துறை மனுக்களை வாங்குகிறது. 2025 ஜூலையில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களில் 45 நாள் என்று சொன்னார்கள். கெடுக்கள் நல்லவை. அவை காக்கப்படுகின்றனவா என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எப்படி அறிவது? அதற்கு யாருடைய கடிகாரத்தையும் நம்பத் தேவையில்லை. அமெரிக்காவின் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த ஒரு சமன்பாடு போதும். எந்த வரிசையானாலும், நீண்ட கால அளவில், உள்ளே நிற்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, ஒரு நாளில் வந்து சேர்பவர்களின் எண்ணிக்கையை ஒருவர் உள்ளே இருக்கும் சராசரி நாட்களால் பெருக்கிக் கிடைப்பது. யார் முதலில், யார் கடைசியில், எத்தனை மேசை, எத்தனை ஊழியர் என்பதெல்லாம் அந்தச் சமன்பாட்டுக்கு வேண்டியதில்லை.

ஒரு பிரிவு அலுவலகத்துக்கு நாளொன்றுக்கு 40 புகார் வருகிறது என்றும், எந்த நாளில் எண்ணினாலும் சுமார் 400 தீராமல் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், 400ஐ 40ஆல் வகுத்தால் பத்து. ஒரு புகார் சராசரியாகப் பத்து நாள் உள்ளே கிடக்கிறது. அறிக்கை ‘சராசரி மூன்று நாள்’ என்று சொன்னால், மீதி ஏழு நாள் எங்கோ நிறுத்திய கடிகாரங்களுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றிய அரசின் தளம் எத்தனை புகார் வந்தது, எத்தனை நிலுவை என்ற இரண்டு எண்களையும் மாதந்தோறும் அறிக்கையாக வெளியிடுகிறது. மாவட்ட வாரியாக, துறை வாரியாக அதே இரண்டு எண்கள் கிடைத்தால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகூட வகுத்துப் பார்த்துவிடலாம். நிலுவையை எண்ணும்போது ஹோல்டில் இருப்பவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.